கடலோரத்து மண்ணிலிருந்து ஒரு குரல்: சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரும் தமிழ் விளையாட்டு வர்ணனையும்

குலசேகரன்பட்டினம் என்றால் தென்மாவட்டத்து மக்களுக்கு முத்தாரம்மன் கோயில் தசராதான் முதலில் நினைவுக்கு வரும். அண்மைக்காலமாக நாட்டின் மற்ற பகுதிகளிலும் அந்தப் பெயர் அடிபடுகிறது. இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அங்கே அடிக்கல் நாட்டப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தென்திசையில் ஏவப்படும் ராக்கெட் இலங்கையின் மேல் பறக்காமலிருக்க வளைந்து போகவேண்டும். அதில் எரிபொருள் வீணாகும். குலசேகரன்பட்டினத்துக்குத் தெற்கே கடல் திறந்து கிடக்கிறது. அங்கிருந்து நேராகவே போகலாம். இந்த ஊரைத் தேர்ந்ததற்கு இதுவே முக்கியமான காரணம்.

ராக்கெட்டுக்கு இலங்கை விலகிப் போகவேண்டிய இடமாக இருக்கலாம். இக்கரை மனிதர்களுக்கு அது பல தலைமுறைகளாகப் போய்ச் சேர்ந்த இடம். குலசேகரன்பட்டினம், காயல்பட்டினம், உடன்குடி, சாத்தான்குளம் என்று இந்த வட்டாரத்துக் குடும்பங்கள் பலவற்றுக்குக் கொழும்பில் கடையோ கணக்கோ உறவோ இருந்தது. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் போவது சென்னைக்குப் போவதைவிட இவர்களுக்கு இயல்பான பயணம். 1906இல் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது அந்த வழித்தடத்தைத்தான் தேர்ந்தார். கருப்பட்டியும் கருவாடும் துணியும் போன அதே வழியில் ஆட்களும் போனார்கள். அங்கிருந்து இங்கே வந்தவற்றில் பெரியது என்று நான் கருதுவது வானொலிக் குரல்.

குலசேகரன்பட்டினத்திலிருந்து மேற்கே உடன்குடி வழியாகப் போனால், தேரிக்காட்டுச் செம்மணலைத் தாண்டி, இருபது கிலோமீட்டரை ஒட்டிய தூரத்தில் சாத்தான்குளம். தாமிரபரணியில் மிஞ்சும் தண்ணீருக்காகக் காத்திருக்கும் கடைமடை வட்டாரம் அது. தமிழில் கிரிக்கெட் நேர்முக வர்ணனையை ஒரு கலையாக நிலைநிறுத்தியவர்களில் ஒருவரான அப்துல் ஜப்பார் இந்த ஊர்க்காரர். ஊர்ப்பெயரை முன்னால் சேர்த்து ‘சாத்தான்குளம் அப்துல் ஜப்பார்’ என்றே கடைசிவரை அறியப்பட்டார். இலங்கை வானொலியில் நாடகக் கலைஞராகத் தொடங்கி, அகில இந்திய வானொலியில் கிரிக்கெட் வர்ணனையாளராகப் பெயர் பெற்று, பின்னாளில் இஎஸ்பிஎன் தொலைக்காட்சியின் தமிழ் வர்ணனை வரை வந்தவர். 2020 டிசம்பரில், எண்பதைக் கடந்த வயதில் காலமானார். வானொலியிலிருந்து தொலைக்காட்சிக்குத் தமிழ் விளையாட்டு வர்ணனை நடந்து வந்த பாதை அவருடைய வாழ்க்கையில் முழுவதுமாகத் தெரிகிறது. அந்தப் பாதை எங்கே தொடங்கியது, வழியில் எதைத் தவறவிட்டது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொடக்கத்துக்கு இலங்கை வானொலியைப் பார்க்கவேண்டும். கொழும்பில் 1925இல் ஒலிபரப்பு தொடங்கிவிட்டது. ஆசியாவில் அது மிக முந்தியது. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகள் அங்கே நிறுவிய ஆற்றல்மிக்க ஒலிபரப்பிகள் போருக்குப் பின் இலங்கையின் கைக்கு வந்தன. 1950இல் வர்த்தக சேவை தொடங்கியது. இந்தியாவிலோ, 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி.கேஸ்கர் திரைப்பாடல்களை வானொலியிலிருந்து ஏறக்குறைய வெளியேற்றினார். கேட்பவர்கள் முள்ளைத் திருப்பிக் கொழும்புக்குப் போனார்கள். மன்னார் வளைகுடாவின் இக்கரையில் இருந்தவர்களுக்கு அதற்குப் பெரிய ஏரியல்கூடத் தேவைப்படவில்லை. திருநெல்வேலிக்கென்று அகில இந்திய வானொலி நிலையம் 1963இல்தான் வந்தது. அதுவரையிலும், அதற்குப் பிறகு வெகுகாலமும், இந்தக் கடற்கரைக்கு உள்ளூர் வானொலி என்றால் அது இலங்கை வானொலிதான்.

அந்த நிலையம் பாட்டுப் போட்டதோடு நிற்கவில்லை. எஸ்.பி.மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் என்று ஓர் அறிவிப்பாளர் மரபையே அது வளர்த்தது. பெயரைச் சொன்னாலே குரல் காதில் வரும் அறிவிப்பாளர்கள் அவர்கள். இதற்கு நிகரான இன்னொரு மரபு அங்கே நாடகம். சானா என்று அழைக்கப்பட்ட சண்முகநாதனின் ‘லண்டன் கந்தையா’ போன்ற நாடகங்கள் இலங்கைத் தமிழரின் வீட்டுப் பேச்சாகவே ஆனவை. வானொலி நாடகத்தில் மேடை கிடையாது, ஒப்பனை கிடையாது, திரை கிடையாது. ஒருவர் கதவருகே நிற்கிறாரா கட்டிலில் கிடக்கிறாரா என்பதைக் குரல் ஒன்றே சொல்லவேண்டும். ஒலிவாங்கியிலிருந்து எவ்வளவு விலகி நிற்பது, மூச்சை எங்கே எடுப்பது, வசனத்தில் எங்கே நிறுத்துவது, நிறுத்தியபின் எவ்வளவு நேரம் பேசாதிருப்பது ஆகிய நான்கும் கைவந்தால்தான் ஒருவர் வானொலி நடிகர். அப்துல் ஜப்பார் இந்தப் பள்ளியில் பயின்றவர்.

தமிழ் விளையாட்டு வர்ணனையின் தாய்வீடு வானொலி நாடக அரங்கு என்பது என் துணிபு. ஜப்பார் ஒருவரை மட்டும் வைத்து இதைச் சொல்லவில்லை. சென்னை வானொலியின் ‘வானொலி அண்ணா’வாகக் குழந்தைகள் கொண்டாடிய கூத்தபிரான் நாடகாசிரியர், நடிகர். அவரும் கிரிக்கெட் வர்ணனை செய்தவர். அவர்களோடு அந்தக் காலத்து நேயர்கள் மறக்காத பெயர் ராமமூர்த்தி. ஆங்கில வர்ணனையில் நிலைமை வேறு. சென்னையில் ஆங்கிலத்தில் வர்ணித்தவர்களுள் ஒருவரான பாலு அழகண்ணன், 1954–55இல் ரஞ்சிக் கோப்பையை முதல்முறையாக வென்ற மெட்ராஸ் அணிக்குத் தலைவர். ஆங்கிலப் பெட்டிக்கு மைதானத்திலிருந்து ஆள் வந்தது. தமிழ்ப் பெட்டிக்கு ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து வந்தது. அந்த வேறுபாடு கடைசிவரை இருந்தது. தமிழுக்கு அது நன்மையாகவே அமைந்தது.

இந்திய வர்ணனையின் முன்கதை பம்பாயில் தொடங்குகிறது. 1930களில் அங்கே நடந்த மதவாரி அணிகளின் போட்டிகளை ஏ.எஃப்.எஸ்.தல்யார்கான் ஒருவராகவே, நாள் முழுவதும், யாரோடும் ஒலிவாங்கியைப் பகிராமல் வர்ணித்தார். பிறகு பெர்ரி சர்பாதிகாரி, விஜயநகரம் மகாராஜ்குமார் என்று ஆங்கிலப் பரம்பரை நீண்டது. இந்தியில் ஜஸ்தேவ் சிங்கும் சுஷில் தோஷியும், வங்காளியில் அஜய் பாசுவும் தத்தம் மொழியில் ஆட்டத்தைச் சொல்லலாம் என்று நிரூபித்தார்கள். தமிழ் இந்த வரிசையில் பிந்தித்தான் வந்தது. இத்தனைக்கும் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது சேப்பாக்கத்தில், 1952 பிப்ரவரியில். அந்த ஆட்டத்தின் முதல் இன்னிங்ஸில் இங்கிலாந்தின் எட்டு விக்கெட்டுகளை வினூ மன்கட் சாய்த்தார்.

அப்துல் ஜப்பார் கிரிக்கெட் வர்ணனைக்குள் வந்தது 1980இல், தமிழ்நாடும் கேரளாவும் மோதிய ஒரு ரஞ்சிக் கோப்பை ஆட்டத்தின் வழியாக. அதே 1980 செப்டம்பரில், லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் ஜான் ஆர்லட் பிபிசியின் ஒலிவாங்கியைக் கடைசியாகக் கீழே வைத்தார். ஆர்லட் கவிஞர். அதற்கு முன் காவல்துறையில் பணி செய்தவர். பிபிசிக்குள் அவர் நுழைந்ததே கவிதை நிகழ்ச்சித் தயாரிப்பாளராக. 1946இலிருந்து முப்பத்துநான்கு ஆண்டுகள் ஆட்டத்தைச் சொன்னார். வர்ணனையில் இலக்கியத்தைக் கொண்டுவந்தவர் என்று ஆங்கில உலகம் இன்றும் அவரைக் கொண்டாடுகிறது. அவருடைய ஒலிப்பதிவுகள் தேடி எடுத்துத் தொகுக்கப்பட்டன. வாழ்க்கை வரலாறுகள் எழுதப்பட்டன. இலக்கியப் பயிற்சியோடு, ஆட்டக்காரராக இல்லாமல், குரலையும் மொழியையும் மட்டும் நம்பி வர்ணனைக்கு வந்தவர்கள் தமிழிலும் இருந்தார்கள். அவர்களுக்கு நாம் என்ன செய்தோம் என்ற கேள்விக்குப் பின்னால் வருகிறேன்.

வானொலி வர்ணனை எவ்வளவு கடினமான வேலை என்பது இன்றைய தலைமுறைக்குத் தெரிய வாய்ப்பில்லை. மணிக்கு நூற்றுநாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து மட்டையாளரை அடைய அரை நொடிதான் ஆகும். அதற்குள் அவர் அடித்துவிடுவார். வர்ணனையாளர் அந்த அரை நொடியையும் அதன்பின் பந்து போகும் திசையையும் பார்த்துக்கொண்டே பேசவேண்டும். யார் வீசுகிறார், பட்டாபிராமன் வாயில் முனையிலிருந்தா அண்ணா பெவிலியன் முனையிலிருந்தா, பந்து எங்கே விழுந்தது, எப்படி ஆடப்பட்டது, யார் தடுத்தார், எத்தனை ஓட்டம், மொத்தம் எவ்வளவு என்பதெல்லாம் அடுத்த பந்துக்குள் வந்துவிடவேண்டும். ஒரு டெஸ்ட் நாளில் தொண்ணூறு ஓவர் என்றால் 540 முறை இது நடக்கவேண்டும். இடையே ஒரு கேட்பவர் புதிதாக வந்து வானொலியைத் திருகியிருப்பார். அவருக்காக ஆட்ட நிலையைத் திரும்பத் திரும்பச் சொல்லவும் வேண்டும். முதலிலிருந்து கேட்பவருக்கு அது சலிக்கவும் கூடாது.

தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருவதால் இங்கே ஒரு சிக்கலும் ஒரு வசதியும் இருக்கின்றன. ‘ஓடிவந்து, வீசி, அவர் முன்னே வந்து ஆட, பந்து உயர எழும்பி, எல்லைக்கோட்டருகே நின்றவர் ஓடிவந்து’ என்று எச்சங்களாகவே அடுக்கிப் போனால், பிடித்தாரா விட்டாரா என்பது கடைசிச் சொல்லுக்காகக் காத்திருக்கும். நாடகம் தெரிந்தவருக்கு அந்தக் காத்திருப்பு பெரிய வரம். தெரியாதவருக்கு அது ஆபத்து. அவர் வாக்கியத்தை முடிக்குமுன் மைதானத்துக் கூச்சல் முடிவைச் சொல்லிவிடும். அதனால் பந்து ஓடும்போது துண்டு துண்டான குறுவாக்கியங்கள், பந்து நின்றபின் நிதானமான நெடுவாக்கியங்கள் என்று இரண்டு நடைகளை மாற்றி மாற்றிக் கையாளவேண்டியிருந்தது. ஜப்பாரின் சிறப்பாக அவரைக் கேட்டவர்கள் சொல்வது, கணீரென்ற உச்சரிப்பும் ஓவர்களுக்கிடையே அவர் பயன்படுத்திய இலக்கியத் தமிழும். ஸ்லிப், கவர், மிட் ஆன் போன்ற சொற்களை அப்படியே வைத்துக்கொண்டு, மற்ற வாக்கியத்தைத் தூய நடையில் ஓட்டிய தமிழ் அது. கல்லூரிப் பேராசிரியரும் டீக்கடையில் நிற்பவரும் ஒரே நேரத்தில் புரிந்துகொண்ட தமிழ்.

அந்த ஆண்டுகளில் சேப்பாக்கம் பார்த்ததை நினைத்தால் தமிழ்ப் பெட்டியில் உட்கார்ந்தவர்களின் பேறு புரியும். 1982 ஜனவரியில் இங்கிலாந்துக்கு எதிராக குண்டப்பா விஸ்வநாத் 222 ஓட்டங்கள். 1983 டிசம்பரில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக கவாஸ்கர் ஆட்டமிழக்காமல் 236. பிராட்மனின் 29 சதங்களைக் கடந்த முப்பதாவது சதம். 1988 ஜனவரியில் அறிமுக ஆட்டத்திலேயே நரேந்திர ஹிர்வானி பதினாறு விக்கெட்டுகள். எல்லாவற்றுக்கும் மேலாக 1986 செப்டம்பர் 22. ஆஸ்திரேலியா வைத்த இலக்கு 348. இந்தியா 347 எடுத்து நிற்கிறது, ஓட்டங்கள் சமம், கைவசம் ஒரே விக்கெட். கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தை கிரெக் மேத்யூஸ் வீச, மணீந்தர் சிங் எல்பிடபிள்யூ. டெஸ்ட் வரலாற்றில் இரண்டாவது ‘டை’. தொலைக்காட்சி எட்டாத கிராமங்கள் ஏராளமாக இருந்த ஆண்டு அது. கேட்பவனுக்குக் கண் கிடையாது. முடிவு டிரா இல்லை, வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை, இரண்டு அணிகளும் சமம் என்பதை, பலருக்கு வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரு குரல் விளக்கவேண்டியிருந்தது.

ஒன்றை இங்கே சொல்லவேண்டும். தமிழ் வர்ணனை சென்னையில் ஆட்டம் நடக்கும்போதுதான் கிடைத்தது. பம்பாயிலோ கல்கத்தாவிலோ நடந்தால் இந்தியும் ஆங்கிலமும்தான். ஆண்டுக்கு ஒரு முறை வரும் பொங்கல் டெஸ்டுக்காகத் தமிழ் வர்ணனையாளர் காத்திருக்கவேண்டும். இவ்வளவு குறைந்த வாய்ப்பில் ஒருவர் தன் கலையைத் தக்கவைத்துக்கொண்டது வியப்புக்குரியது. இந்தி வர்ணனையாளர் நாடெங்கும் சுற்றி ஒரு பருவத்தில் செய்த வேலையைத் தமிழ் வர்ணனையாளர் செய்யப் பல ஆண்டுகள் ஆயின.

தொலைக்காட்சி வந்தபோது இந்தக் கலை இன்னும் ஒடுங்கியது. சென்னையில் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கினாலும் தென்கோடிக்கு அது வரப் பல ஆண்டுகள் ஆயின. அதற்குள் 1982இல் இலங்கையில் ரூபவாகினி வந்துவிட்டது. தூத்துக்குடி, கன்னியாகுமரிக் கடற்கரைகளில் தென்னை உயரத்துக்கு ஆண்டெனா கட்டி ரூபவாகினி பார்த்த தலைமுறை இன்றும் இருக்கிறது. வானொலிக்கு எந்தத் திசையை நோக்கினார்களோ அதே திசையை நோக்கித்தான் படத்துக்கும் ஆண்டெனாவைத் திருப்பினார்கள். பின்னர் தூர்தர்ஷன் வந்தபோது கிரிக்கெட் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வந்தது. படத்தைத் தொலைக்காட்சியில் வைத்து, அதன் ஒலியைக் குறைத்து, பக்கத்தில் டிரான்சிஸ்டரில் தமிழ் வர்ணனையைக் கேட்டவர்கள் தமிழ்நாடெங்கும் இருந்தார்கள். தமிழ்த் தொலைக்காட்சி வர்ணனைக்கான தேவையை கிரிக்கெட் வாரியமோ ஒளிபரப்பாளரோ உணருமுன் பார்வையாளர்கள் உணர்ந்துகொண்டார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அதன்பின் நடந்தது பணத்தின் கதை. ஆட்டத்தை ஒளிபரப்பக் கிரிக்கெட் வாரியமே தூர்தர்ஷனுக்குப் பணம் கட்டவேண்டியிருந்த காலம் ஒன்று இருந்தது. 1993இல் ஹீரோ கோப்பை ஒளிபரப்பு உரிமை குறித்து வங்காளக் கிரிக்கெட் சங்கத்துக்கும் அரசுக்கும் எழுந்த வழக்கில், 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வானலை பொதுச்சொத்து, அரசின் தனியுடைமை அல்ல என்று தீர்ப்பளித்தது. தனியார் அலைவரிசைகளுக்குக் கதவு முழுதாகத் திறந்தது. நாட்டு முக்கியத்துவம் உள்ள ஆட்டங்களின் ஒளிபரப்பைப் பிரசார் பாரதியோடு பகிர்ந்தே ஆகவேண்டும் என்று 2007இல் சட்டம் வந்தது. இவற்றுக்கிடையே வானொலி வர்ணனை மெல்ல மெல்ல ஓரத்துக்குத் தள்ளப்பட்டது. சட்டப் போராட்டங்களில் மொழி பற்றிய பேச்சே எழவில்லை. தமிழ் வர்ணனையாளர்களுக்கு வேலை எங்கே என்று கேட்க ஒரு சங்கமும் இல்லை.

ஜப்பாரின் குரலுக்கு அப்போது இடம் கொடுத்தது மறுபடியும் கடல்தான். 1990களின் இறுதியில் லண்டனிலிருந்து இயங்கத் தொடங்கிய ஐபிசி தமிழ் வானொலி புலம்பெயர்ந்த ஈழத்தமிழருக்கானது. அதற்காக அவர் கிரிக்கெட் வர்ணித்தார். போரில் ஊரைவிட்டுப் போனவர்கள் குளிர்தேசத்தில் உட்கார்ந்து தமிழில் கிரிக்கெட் கேட்டார்கள்; அதைச் சொன்னது, இளமையில் இலங்கை வானொலியில் நடித்த ஒருவர். 2002 ஏப்ரல் 10இல் கிளிநொச்சியில் விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரன் நடத்திய பத்திரிகையாளர் சந்திப்பை ஒட்டிய தன் பயணத்தை ‘அழைத்தார் பிரபாகரன்’ என்ற நூலாக எழுதினார். தன் வானொலி வாழ்க்கையை ‘காற்று வெளியினிலே’ என்ற நூலில் பதிந்தார். தமிழ் வர்ணனையாளர் ஒருவர் தன் தொழிலைப் பற்றி எழுதிய நூல்கள் மிக அரிது என்பதால் இந்த இரண்டாவது நூலுக்குத் தனி மதிப்பு உண்டு. இஎஸ்பிஎன் தமிழில் கிரிக்கெட்டைச் சொல்ல முனைந்தபோது, அந்த வேலைக்குப் பழகிய குரல் என்று அவரைத்தான் அழைத்தது.

வானொலியில் ஊறியவருக்குத் தொலைக்காட்சி சோதனையான இடம். வானொலியில் மௌனம் என்றால் கருவி பழுது என்று கேட்பவர் நினைப்பார். தொலைக்காட்சியில் பேச்சு மிகுந்தால் பார்ப்பவர் எரிச்சலடைவார். படத்துக்கு ஏதாவது சேர்க்க முடிந்தால் மட்டும் பேசவேண்டும் என்று ரிச்சி பெனோ விதி வைத்திருந்தார். ஆஸ்திரேலிய அணியின் தலைவராக இருந்துவிட்டு வர்ணனைக்கு வந்த அவர், பிபிசியில் முறையாகப் பயிற்சி பெற்றபின்தான் ஒலிவாங்கியைத் தொட்டார். ஆட்டம் தெரிந்தால் மட்டும் போதாது, பேசத் தனியே படிக்கவேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். 1999 ஜனவரி 31 அன்று பாகிஸ்தானிடம் பன்னிரண்டு ஓட்டங்களில் இந்தியா தோற்று, பாகிஸ்தான் அணி சேப்பாக்கத்தை வலம் வந்தபோது அரங்கம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. அப்படியொரு தருணத்தில் வர்ணனையாளர் செய்யக்கூடிய பெரிய காரியம் வாயை மூடி அந்த ஓசையைக் கேட்கவிடுவது. வானொலி நாடகத்தில் இடைவெளிவிடப் பழகியவருக்கு அது தெரியும். அதனால்தான் வானொலிக்காரர் தொலைக்காட்சிக்கு ஒத்துவரமாட்டார் என்ற பொதுக்கருத்தை நான் ஏற்பதில்லை. எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவருக்கு இரண்டு ஊடகமும் ஒன்றுதான்.

இன்று நிலைமை தலைகீழ். 2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியது. திருநெல்வேலியை ஒட்டிய சங்கர் நகர் இந்தியா சிமெண்ட்ஸ் மைதானத்திலும் ஆட்டங்கள் நடந்தன. தூத்துக்குடியின் பெயர் தாங்கிய அணி முதல் கோப்பையையே வென்றது. 2017இல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் அலைவரிசை வந்தது. ஆண்டுக்கு ஒரு டெஸ்டுக்காகத் தமிழ் காத்திருந்த காலம் போய், ஐபிஎல்லும் உலகக் கோப்பையும் கபடியும் தமிழில் வருகின்றன. ஸ்ரீகாந்த், பத்ரிநாத், சடகோபன் ரமேஷ், பாலாஜி போன்ற முன்னாள் ஆட்டக்காரர்கள் சொல்கிறார்கள். பந்து ஏன் திரும்பியது, களத்தடுப்பை ஏன் மாற்றினார்கள் என்று அவர்கள் விளக்கும்போது கிடைக்கும் தெளிவை எந்த நாடகக் கலைஞராலும் தரமுடியாது. இது பெரிய லாபம். தயக்கமில்லாமல் சொல்லவேண்டிய லாபம்.

ஆனால் வர்ணனைப் பெட்டியில் இரண்டு இருக்கைகள் உண்டு. ஒன்று விளக்குபவருக்கு, மற்றொன்று சொல்பவருக்கு. தமிழில் சொல்பவரின் இருக்கையைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம். திரைப்பட வசனங்களும் அரட்டையும் அந்த இடத்தை நிரப்புகின்றன. மூன்று பேர் ஒரே நேரத்தில் சிரிக்கும்போது ஆட்டத்தின் திருப்பம் ஒன்று சத்தமில்லாமல் கடந்துபோகிறது. கலகலப்பு வேண்டாம் என்பதல்ல என் வாதம். கோவில்பட்டி ஹாக்கிப் போட்டியிலும் காயல்பட்டினம் கால்பந்து மைதானத்திலும் தேரிக்காட்டு ஊர்களின் கபடிக் களத்திலும் மைக் செட்டில் பேசுபவர்களைக் கேட்டுப்பாருங்கள். பாடிப் போகிறவன் எந்த ஊர், யார் மகன், போன ஆண்டு யாரைப் பிடித்தான், ரொக்கப் பரிசு யார் அன்பளிப்பு என்று சொல்லிக்கொண்டே, பிடி விழும் நொடியில் சட்டென்று ஆட்டத்துக்குத் திரும்பிவிடுவார்கள். அரட்டையிலும் அவர்கள் கண் களத்தைவிட்டு அகலுவதில்லை. தமிழ் வர்ணனைக்கு ஆள் தேடும் தொலைக்காட்சிகள் முன்னாள் ஆட்டக்காரர்களின் பட்டியலோடு இந்த ஊர்களுக்கும் வந்து காது கொடுக்கலாம்.

அங்கீகாரத்தைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். ஜஸ்தேவ் சிங்குக்கு 1985இல் பத்மஸ்ரீ, 2008இல் பத்மபூஷண். சுஷில் தோஷிக்கு 2016இல் பத்மஸ்ரீ. இந்தூர் ஹோல்கர் மைதானத்தின் வர்ணனைப் பெட்டிக்கே அவர் பெயர். இருவரும் அதற்கு முழுத் தகுதி உடையவர்கள். ஜப்பாருக்கு அப்படியொரு தேசிய விருது வாய்க்கவில்லை. அவர் இறந்த 2020இல் சாத்தான்குளத்தின் பெயர் நாடு முழுவதும் ஒலித்தது. காவல் நிலையத்தில் தந்தையும் மகனும் சித்திரவதைக்குள்ளாகி இறந்த கொடுமையால் ஒலித்தது. நீதி கேட்டு ஒலித்ததால் அது ஒலிக்கவேண்டியதும்கூட. ஆனால் நாற்பது ஆண்டுகள் அந்த ஊரின் பெயரைத் தன் பெயரோடு சுமந்து, கடல் தாண்டிக் கொண்டுபோன ஒருவர் அதே ஆண்டின் கடைசி மாதத்தில் போனது சில பத்திச் செய்தியோடு முடிந்துவிட்டது.

செய்யவேண்டியவை மூன்று, எதற்கும் பெரிய செலவில்லை. சேப்பாக்கம் மைதானத்தின் தமிழ் வர்ணனை அறைக்கு அப்துல் ஜப்பாரின் பெயரைத் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் சூட்டவேண்டும். சென்னை, திருநெல்வேலி வானொலி நிலையங்களில் உள்ள தமிழ் விளையாட்டு ஒலிப்பதிவுகளை அட்டவணைப்படுத்தி, பிரசார் பாரதி பொதுமக்கள் கேட்கும்படி வெளியிடவேண்டும். மூன்றாவது வாசகர்களுக்கானது. 1980களிலும் 90களிலும் டேப் ரெக்கார்டரில் தமிழ் வர்ணனையைப் பதிந்து வைத்தவர்கள் தென்மாவட்டங்களில் நிறையப் பேர். காந்த நாடா உப்புக்காற்றிலும் ஈரத்திலும் விரைவில் அழியும். உங்கள் வீட்டுப் பரணில் அப்படியொரு கேசட் கிடந்தால், பாட்டுக் கேசட்டுகளோடு சேர்த்துப் பழைய பொருள்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். இந்த மாதமே அதை எண்ணிமமாக்கி, அருகிலுள்ள கல்லூரி நூலகத்துக்கு ஒரு படி கொடுங்கள்.